வளைவில்லாத வழி

கொளஞ்சியப்பன் தேர்ந்தெடுத்துப் போன சுற்றுலா எதுவும் உருப்பட்டதில்லை. ஒகேனக்கல்லுக்குப் போனபோது வெள்ளம் என்று பரிசலை நிறுத்திவிட்டார்கள். ஏற்காட்டுக்குப் போன அன்று பனிமூட்டம். படகுத்துறையில் நின்றுகொண்டு, ஏரி எங்கே என்று கேட்டால் ஆளுக்கொரு திசையைக் காட்டினார்கள். பாண்டிச்சேரிக் கடற்கரையில் அவர் காலை நனைத்த சற்று நேரத்துக்கெல்லாம் புயல் எச்சரிக்கை வந்து போலீஸ்காரர் எல்லோரையும் விரட்டினார்.

"நீ வூட்ல சும்மா இருந்தியானா நாட்டுக்கு நல்லதுடா" என்று வடக்கனந்தல் டீக்கடையில் பாவாடை சொல்வார். பாவாடை பள்ளிக்கூட நாளிலிருந்து சிநேகிதர். அவரிடம் மரியாதையை எதிர்பார்த்துக் கொளஞ்சியப்பன் பலமுறை ஏமாந்திருக்கிறார்.

இந்தக் கணக்கில் சேராத தோல்வி ஒன்று உண்டு. அவருடைய மரவள்ளிக் காட்டில் நின்று தலையை நிமிர்த்தினால் கல்வராயன் மலை. எட்டிப் பிடிக்கிற தூரத்தில் இருக்கிற அந்த மலைக்கு மனைவி பச்சையம்மாளை அவரால் ஒருதரம்கூட அழைத்துப்போக முடியவில்லை.

பச்சையம்மாள் பயந்தவள் இல்லை. பாம்பை மண்வெட்டியால் ஓரமாக ஒதுக்கிவிட்டுக் களைவெட்டைத் தொடர்கிறவள். ஆனால் மலைப்பாதையில் பஸ் முதல் வளைவு திரும்பினால் அவள் வாயில் எச்சில் ஊறும். இரண்டாவது வளைவில் ஜன்னல். மூன்றாவதில் கண்டக்டரின் விசில். எலுமிச்சம்பழம் மோந்து பார்த்தாயிற்று, புளியை வாயில் அடக்கிப் பார்த்தாயிற்று. செய்தித்தாளை விரித்து அதன்மேல் உட்கார்ந்தால் குமட்டாது என்று யாரோ சொல்ல, அப்படியும் உட்கார்ந்து பார்த்தாள். தாளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பக்கத்து சீட்டுக்காரரின் வேட்டிதான் போயிற்று.

மலையுச்சியில், வெள்ளிமலையில், அவளுடைய அக்கா ராஜாம்பாள் இருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அங்கேதான். புருஷன் வைத்த மளிகைக் கடையை அவர் போன பிறகும் தனியாளாக நடத்திக்கொண்டிருந்தாள். நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் அவள்தான் கீழே இறங்கி வருவாள். வரும்போதெல்லாம் ஒரு சொல் சொல்வாள்: "என் வூட்டுத் தண்ணி இன்னா கலருன்னாச்சும் உனக்குத் தெரியுமாடி?" சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். புருஷன் செத்தபோது மட்டும் சொல்லவில்லை. அன்றைக்குப் பச்சையம்மாள் பஸ்ஸில் கிளம்பி, மூன்றாவது வளைவில் மயங்கி விழ, அவளைக் கீழே தூக்கிக்கொண்டு வந்தார்கள். காரியமெல்லாம் முடிந்த பிறகு, தாலியறுத்த ராஜாம்பாள் இறங்கி வந்து தங்கைக்கு ஆறுதல் சொன்னாள். அந்தக் கோணலை இருவருமே பிறகு பேசியதில்லை.

இந்த வருஷம் ராஜாம்பாளின் மகன் ஓசூரில் வீடு பார்த்துவிட்டான். கோடை விழாக் கூட்டம் தீர்ந்ததும் கடையைக் காலி செய்துகொண்டு அவள் மகனோடு போகிறாள். சேதி வந்த அன்று பச்சையம்மாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். "அந்த வூட்ட நான் பாக்காமயே வுட்டுட்டன்" என்றாள், மாட்டைப் பார்த்து. மாடு குடித்து முடித்தது. அவள் தவலையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கொளஞ்சியப்பனுக்கு அந்த ஒரு வரி நெஞ்சில் மீன்முள் மாதிரி நின்றது. அவர் மாட்டைப் பார்த்தார். அதனிடம் யோசனை எதுவும் இல்லை.

யோசனை மறுநாள் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வந்தது. கோடை விழாவை முன்னிட்டுக் கல்வராயன் மலையின் அழகை ஹெலிகாப்டரில் பறந்தபடி பார்க்கலாம், குடும்பத்தோடு வாரீர், முன்பதிவு நடைபெறுகிறது.

டீ கிளாஸை வைத்துவிட்டுக் கொளஞ்சியப்பன் கேட்டார்: "பாவாட, வானத்துல வளைவு இருக்குதா?"

"ரோடே இல்ல, வளைவு எங்கிருந்து வரும்?"

"அதான்."

"இன்னா அதான்? டேய், நீ பிளான் பண்ணி மழ வந்துது, புயல் வந்துது. அதெல்லாம் பூமியில. மேல போயி எதாச்சும் ஆச்சுன்னா பொறுக்கறதுக்குக்கூட ஆளு கெடைக்க மாட்டான்."

கொளஞ்சியப்பன் வேட்டியை மடித்துக் கட்டினார். இந்த ஒரு பயணமாவது நேராக முடிய வேண்டும். வெள்ளிமலையில் பச்சையம்மாளை இறக்கி, அக்கா வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டுத்தான் மறுவேலை.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் சுபாஷ்தான் முன்பதிவு செய்தான். பட்டா, ரேஷன் கார்டு, கரண்ட் பில் என்று எல்லாவற்றையும் பார்த்த பையன். ஹெலிகாப்டரையும் அதே முகத்தோடு பார்த்தான்.

"மூணு பேக்கேஜ் இருக்குது பெரிப்பா. சில்வர், கோல்டு, பிளாட்டினம்."

"நக மாதிரி சொல்றியே. இன்னா வித்தியாசம்?"

"சில்வர்னா மேல ஏத்தி, சும்மா ஒரு ரவுண்டு, எறக்கிருவாங்க. கோல்டுன்னா அருவி, அணை, வெள்ளிமலை எல்லாம் சுத்திக் காட்டுவாங்க. பிளாட்டினத்துல மேலயே கேக்கு வெட்டலாம்."

"அம்மாம் ஒசரத்துல கத்தி எதுக்குடா?"

"பொறந்த நாளு கொண்டாடறவங்களுக்கு."

"வாணாம். கோல்டு. வெள்ளிமலையில எறக்குவாங்க இல்ல?"

"வெள்ளிமலையிலதான் பெரிப்பா எறக்குவாங்க."

அது போதும் என்று இருந்துவிட்டார். மற்ற விஷயங்களில் அவர் விடவில்லை. கதவைப் பூட்டுவார்களா, நடுவில் நின்றுபோனால் தள்ள வேண்டுமா, ஓட்டுகிறவருக்கு எத்தனை வருஷ சர்வீஸ், ஜன்னல் திறக்குமா, திறக்காவிட்டால் அவசரத்துக்குப் பை தருவார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். வரிசையில் நின்றவர்கள் தங்கள் வேலையை மறந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். சனிக்கிழமைக் காலையில் இடம் இருந்தது, ராகு காலம். ஞாயிறு மத்தியானம் இருந்தது, எமகண்டம். கடைசியில் ஞாயிற்றுக்கிழமைக் காலை கிடைத்தது. சுபாஷ் ஒரு பெருமூச்சு விட்டான்.

"எடை சொல்லுங்க பெரிப்பா. ரெண்டு பேருக்கும்."

"எடையா? நாங்க இன்னா மரவள்ளி மூட்டையா?"

"ஹெலிகாப்டருக்கு அப்படித்தான். ஜாஸ்தியா இருந்தா ஏத்த மாட்டாங்க."

அதற்காகவே அவர் ஊருக்குத் திரும்பி, கிழங்கு எடை போட வந்த வியாபாரியின் தராசில் பச்சையம்மாளை ஏற்றினார். இடுப்பில் செருகிய களைக்கொத்தோடு ஏறினாள். அதை இறக்கச் சொன்னார். ஐம்பத்தெட்டு. "என்னைய விக்கப் போறியா?" என்றாள். சொந்த எடையைப் பற்றி அவருக்குச் சந்தேகமே இல்லை. எழுபது. என்றைக்கோ போலீஸ் வேலைக்கு ஆள் எடுத்தபோது பார்த்தது. மார்பளவில்தான் வேலை போயிற்று. எடை சரியாக இருந்தது. ஆகவே இப்போதும் இருக்கும்.

பணம் கட்டினார். ஒரு போகத்து லாபத்தில் பாதி காற்றில் ஏறிவிட்டது. அச்சடித்த டிக்கெட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நேரே டீக்கடைக்குப் போய்ப் பாவாடையின் முன்னால் விரித்தார்.

பாவாடை கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். மறுபடி படித்தார். அவர் சிரிக்கவில்லை, அதுதான் கொளஞ்சியப்பனுக்குக் கலக்கமாக இருந்தது.

"கொளஞ்சி, இது எங்க ஏறணும்னு கேட்டியா?"

"கள்ளக்குறிச்சியிலதான். வேற எங்க?"

"ஏறுமிடம், வெள்ளிமலை விழா மைதானம்னு போட்டிருக்குது. எறங்குமிடமும் அதான்."

கொளஞ்சியப்பன் தாளை வாங்கித் தானே பார்த்தார். எழுத்து மாறவில்லை. மலைக்குப் போகிற எதுவும் கீழேயிருந்துதான் கிளம்பும் என்று பிறந்ததிலிருந்து நம்பியவர் அவர். பஸ் அப்படி, ஜீப் அப்படி, கடைக்குப் போகிற சர்க்கரை மூட்டையும் அப்படி. ஜன்னலைப் பற்றியெல்லாம் கேட்டவருக்கு வாசற்படியைப் பற்றிக் கேட்கத் தோன்றவில்லை.

சுபாஷிடம் ஓடினார். "மலைய சுத்திப் பாக்கறதுக்குக் கள்ளக்குறிச்சியில இருந்து எதுக்குப் பெரிப்பா பறக்கணும்? பெட்ரோலு யாரு போடறது?" என்று அவன் நியாயமாகக் கேட்டான். பணம் திரும்பாது என்பதையும் அதே நியாயத்தோடு சொன்னான்.

வளைவுக்குப் பயந்து ஹெலிகாப்டர் பிடித்தவர், ஹெலிகாப்டரைப் பிடிக்க எல்லா வளைவும் ஏற வேண்டும். இதை நாலு பேரிடம் சொன்னால் அவர்கள் சிரிப்பார்கள். வேறு யாருக்காவது நடந்திருந்தால் அவரும் சிரித்திருப்பார். இதை இப்போது ஒரே ஒருத்தியிடம் சொல்ல வேண்டும்.

பச்சையம்மாள் மரவள்ளிக்கிழங்கைத் தோலுரித்துக்கொண்டு முழுவதையும் கேட்டாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார், திட்டவில்லை.

"டிக்கெட்ட திருப்பித் தர முடியாதா?"

"முடியாதாம்."

"அப்ப போவத்தான் வேணும்."

"எப்படி? மூணாவது வளைவுல..."

"பஸ்ஸு வர்றதுக்கு முன்னாடி ஜனங்க எப்படிப் போனாங்க?"

எலுமிச்சம்பழம், புளி, செய்தித்தாள், ஹெலிகாப்டர் வரைக்கும் ஓடிய கொளஞ்சியப்பனின் மூளை, நடக்கலாம் என்ற பக்கம் திரும்பியதே இல்லை.

"அம்மாம் தூரமா? பொழுது பூரா ஆவும், பச்ச."

"நாத்து நட்டா மட்டும் பொழுது ஆவாதா? முந்தின நாளே போவலாம். ராத்திரி அக்கா வூட்ல படுத்துக்கலாம்." கிழங்கைப் பாத்திரத்தில் போட்டாள். "உன்னால முடியலன்னா நீ பஸ்ஸுல வாய்யா. நான் நடக்கறன்."

இதற்குப் பிறகு ஒரு ஆம்பளை பஸ்ஸில் போக முடியுமா?

சனிக்கிழமை விடியும்போது கச்சிராயபாளையம் வரை பஸ். அதன் பிறகு கால். அணையைத் தாண்டி மலைப்பாதை ஏறத் தொடங்கியதும், பச்சையம்மாள் சேலையைத் தூக்கிச் செருகி, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, வயல் வரப்பில் போகிற அதே நடையில் போனாள். வேகமும் இல்லை, நிற்பதும் இல்லை. கொளஞ்சியப்பன் முதல் வளைவு வரை அவளுக்கு முன்னால் நடந்தார். இரண்டாவது வளைவில் பக்கத்தில் நடந்தார். அதற்குப் பிறகு அவளுடைய முதுகைப் பார்த்துக்கொண்டு நடந்தார்.

மூன்றாவது வளைவில் அவள் நின்றாள். ஓரத்தில் ஒரு மைல் கல்லும் ஒரு புளியமரமும் இருந்தன.

"இங்கதான்" என்றாள்.

அவருக்குத் தெரியும். அன்றைக்கு அவளைப் பஸ்ஸிலிருந்து இறக்கி முதலில் கிடத்தியது அந்த மரத்தடியில்தான். அன்றைக்கும் இந்த ரோடு இப்படியேதான் கிடந்தது. நடக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. சாவுக்குப் போகிறவர்கள் பஸ் எப்போது என்றுதான் பார்க்கிறார்கள்.

"வாந்தி வருதா?"

"இல்ல. பசிக்குது."

புளிச்சோற்றைப் பிரித்து இருவரும் சாப்பிட்டார்கள். குரங்குகள் பங்கு கேட்டன; கொளஞ்சியப்பன் தன் பங்கிலிருந்து கொடுத்தார். பச்சையம்மாள் கொடுக்கவில்லை, அவளுக்கு நடக்க வேண்டியிருந்தது.

மேலே ஏற ஏற, பஸ்கள் ஒலியெழுப்பிக்கொண்டு கடந்தன. ஒரு டிரைவர் வேகத்தைக் குறைத்துத் தலையை நீட்டினார். "இன்னா பெரியவரே, வேண்டுதலா?"

"ஆமாப்பா. ஹெலிகாப்டருக்கு."

டிரைவர் ஒருகணம் யோசித்தார். வெயிலில் நடக்கிற கிழவர்களிடம் மேற்கொண்டு பேசாமல் இருப்பது நல்லது என்று பட்டிருக்க வேண்டும். பஸ் போய்விட்டது. காலியாக இருந்த பின் சீட்டைக் கொளஞ்சியப்பன் அது திரும்பி மறையும்வரை பார்த்தார்.

வளைவுகள் தீர்ந்து, சாமையும் தினையும் போடுகிற மேட்டு நிலங்கள் வந்து, அவருடைய முழங்கால்கள் தனித்தனியாகப் பேசத் தொடங்கிய பிறகு, பொழுது சாய்கிற நேரத்தில் வெள்ளிமலை வந்தது. ராஜாம்பாள் கடையில் யாருக்கோ சர்க்கரை நிறுத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தவள், கையிலிருந்த கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். தராசு ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது.

"இந்நேரத்துக்குப் பஸ்ஸே கெடையாதே. எதுலடி வந்த?"

"காலுல."

ராஜாம்பாள் சர்க்கரை வாங்க வந்தவரை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். பச்சையம்மாள் வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்து, நடுவீட்டில் நின்று, அண்ணாந்து முழுவதையும் குடித்தாள்.

"இன்னா கலரு?" என்றாள் ராஜாம்பாள்.

"தண்ணி கலருதான். இதுக்குப் போயி இம்மாம் வருசமா பீத்திக்கினு இருந்த."

பிறகு இருவரும் இரண்டே அறைகள் உள்ள அந்த வீட்டை ஊரையே சுற்றுவதுபோல் சுற்றினார்கள். பெட்டிகள் பாதி கட்டியிருந்தன. சுவரில் அக்கா புருஷனின் படம் மட்டும் இன்னும் இறக்கப்படவில்லை. பச்சையம்மாள் அதன் முன்னால் கொஞ்சநேரம் நின்றாள். சர்க்கரைக்காரருக்குக் கொளஞ்சியப்பன்தான் நிறுத்துக் கொடுத்தார். கொஞ்சம் தாராளமாகவே கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமைக் காலை, விழா மைதானத்தில் எடைக் கருவி வைத்திருந்தார்கள். பச்சையம்மாள் ஏறினாள். ஐம்பத்தெட்டு. கம்பெனிக்காரர் தலையாட்டினார். கொளஞ்சியப்பன் ஏறினார்.

"எண்பத்தாறு" என்றார் கம்பெனிக்காரர். "எழுபதுன்னு போட்டிருக்கீங்களே சார்."

"மெஷினு சரியா இருக்குதா?"

"இப்பத்தாங்க உங்க வீட்டம்மாவுக்குச் சரியாக் காட்டுச்சு."

ராஜாம்பாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "மாப்ள, செருப்ப கழட்டிட்டு ஏறிப் பாருங்க."

கழற்றிவிட்டு ஏறினார். செருப்பின் மேல் பழி போட முடியவில்லை. கூடுதலாகக் கட்டணம் கட்டினால் அடுத்த சுற்றில் ஆள் மாற்றி உட்கார வைத்துச் சமாளிக்கலாம் என்றார் கம்பெனிக்காரர். இல்லையென்றால் அவருக்குப் பதில் எடை குறைந்த வேறு ஒருவர் போகலாம். ஆதார் இருந்தால் போதும்.

கூடுதல் பணம் அவரிடம் இருந்தது. சட்டைப்பையில் கை போனது. அப்போதுதான் வேலியைப் பார்த்தார். பச்சையம்மாள் வேலியோரம் போய் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, அருவி எந்தப் பக்கம், அணை எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். ராஜாம்பாள் காட்டிக்கொண்டிருந்தாள். இன்னும் சில நாளில் அந்த மலையை விட்டுப் போகிறவள். அதை அவளும் மேலேயிருந்து பார்த்ததில்லை.

கை வெறுமனே திரும்பி வந்தது. "அண்ணி, உங்க ஆதாரு கடையில இருக்குதா?"

"எனக்கெதுக்கு மாப்ள? நீங்க ஆசப்பட்டுப் போட்ட டிக்கெட்டு."

"எனக்கு முட்டி வலிங்க. படியே ஏற முடியாது."

பாசத்தால் விட்டுக்கொடுத்தாரா, ஹெலிகாப்டரின் விசிறி சுழல்வதைக் கிட்டத்தில் பார்த்த பயத்தால் விட்டுக்கொடுத்தாரா என்று கேட்டால், இன்றுவரை அவருக்கே நிச்சயமில்லை. இரண்டும் சமமாக இருந்திருக்கலாம்.

இரண்டு பெண்களும் குனிந்து, தலைமேல் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, புழுதிக்குள் ஓடி ஏறினார்கள். பச்சையம்மாளின் இடுப்பில் பிளாஸ்டிக் பை செருகியிருந்தது, கொளஞ்சியப்பன் கொடுத்தது. வண்டி கிளம்பியது. ஒரு பக்கமாகச் சாய்ந்து, மரங்களுக்கு மேல் திரும்பியது. அந்தச் சாய்வைப் பார்த்ததும் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. வானத்திலும் வளைவு இருந்தது. பாவாடை தவறாகச் சொல்லியிருக்கிறார்.

அது திரும்பி வரும்வரை இரண்டு ஜோடிச் செருப்பையும் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். செருப்பைக் கழற்றும்படி யாரும் சொல்லவில்லை. ஏன் கழற்றிவிட்டுப் போனார்கள் என்றும் தெரியவில்லை. கோயில் பழக்கமாக இருக்கலாம்.

வண்டி இறங்கியது. முதலில் பச்சையம்மாள் வந்தாள், நேராக, முகம் முழுக்கக் காற்றடித்த சிவப்போடு. பின்னால் அக்காவைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தாள். பிளாஸ்டிக் பை ராஜாம்பாளின் கையில் இருந்தது. காலியாக இல்லை.

முப்பது வருஷமாகத் தங்கையைக் கேலி செய்தவள் புல்தரையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். "சிரிக்காதடி" என்றாள்.

"நான் சிரிக்கல. எலுமிச்சம்பழம் வேணுமா? புளி?"

"வாய மூடு."

"பேப்பர விரிச்சி உக்காந்தா வராதாம்."

இரண்டு பேரும் சிரிக்க ஆரம்பித்தார்கள். சிரிப்பு எங்கே முடிந்து எது தொடங்கியது என்று தெரியாமல் முந்தானையால் முகத்தைத் துடைத்தார்கள். கொளஞ்சியப்பன் செருப்புகளைத் தூசி தட்டினார்.

கொஞ்சம் பொறுத்து, "மேல இருந்து ரோடு தெரிஞ்சுதா?" என்று கேட்டார்.

"தெரிஞ்சுது. சாரப்பாம்பு மாதிரி கெடக்குது. அத்தப் போயி நான் நடந்தனான்னு இருக்குது." பச்சையம்மாள் செருப்பைப் போட்டுக்கொண்டாள். "வெயிலு ஏறறதுக்குள்ள கெளம்பிடலாம் வா."

மைதானத்து ஓரத்தில் கள்ளக்குறிச்சி பஸ் நின்றுகொண்டிருந்தது. நேரத்தை அவர் காலையிலேயே விசாரித்து வைத்திருந்தார். ஜன்னலோர சீட்டு ஒன்று காலி.

"நானும் எறக்கத்துல வர்ற மொத வளைவு வரிக்கும் வர்றன்" என்று ராஜாம்பாள் எழுந்தாள். "இனிமே வண்டின்னு சொன்னாலே கொமட்டுது. நீங்க பஸ்ஸுல போங்க மாப்ள. முட்டி வலின்னீங்களே."

பச்சையம்மாள் அவர் முட்டியைப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

பஸ் ஒருமுறை ஒலியெழுப்பியது. கொளஞ்சியப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இரண்டு பெண்களுக்கும் பின்னால், மெதுவாக நடக்க ஆரம்பித்தார்.